கூலரின் உயரம்

பாலைப் பொறுத்தவரை ஜெரோப்புக்குத் தெரியாதது என்று அதிகம் இல்லை. கபோரெத் கூட்டுறவுப் பால் குளிரூட்டும் நிலையத்தில் கல்யாணமான மறுவருஷமே வேலைக்குச் சேர்ந்தவள். கேனின் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தாலே போதும். தண்ணீர் கலந்திருக்கிறதா, நேற்றுச் சாயங்காலப் பாலை இன்று காலைப் பாலோடு சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவாள். "இத வீட்டுக்குக் கொண்டுபோய் முர்சிக் தயிருக்குப் புளிக்க வையி" என்று முகத்துக்கு நேரே திருப்பி அனுப்புவாள். சாயங்காலம் அதே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவளுக்குப் புரியாத காரியம் ஒன்று உண்டென்றால், அது மகன் கிப்லெல் பார்க்கும் வேலை.

கிப்லெல் ஓட்டக்காரன். அந்தப் பக்கத்தில் அது ஓர் ஆச்சரியமில்லை. எந்த மேட்டில் ஏறி நின்று பார்த்தாலும் நாலு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கிப்லெல் ஓட்டத்தை முடிக்காத ஓட்டக்காரன். கடல் கடந்த பெரிய நகரங்களில் நடக்கும் மாரத்தான் ஓட்டங்களில் அவன் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான். பின்னால் வருகிறவர்களை வேகம் தளராமல் இழுத்துக்கொண்டு போவான். முப்பது கிலோமீட்டர் வந்ததும் ஒதுங்கிக்கொள்வான். ஓட்டக்காரர்கள் இப்படிப்பட்டவனை முயல் என்பார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டு முன்னறையில் இருக்கும் பெரிய டிவி அந்தச் சம்பளத்தில் வந்ததுதான்.

வந்ததோடு வினையும் வந்தது. மகன் ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கம் முழுக்க அந்த டிவி முன்னால் கூடிவிடும். கட்டம் போட்ட சட்டையில் கிப்லெல் முதல் ஆளாக வருவான். எல்லோரும் கை தட்டுவார்கள். நடுவில் விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்து பார்த்தால் அவனைக் காணோம். வேறு இருவர் முட்டி மோதிக்கொண்டு ஓடுவார்கள். அறிவிப்பாளர் அவன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்.

பக்கத்து வீட்டு கோஸ்கெய்க்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குத்தல் பேச்சு இல்லாமல் தேநீர் அவருக்கு இறங்காது.

"கிப்லெல் அம்மா, பையன் இன்னிக்கும் களைச்சுட்டான் போலிருக்கே?"

"களைக்கலண்ணே. அவன் வேலையே அதுவரைக்கும்தான். பேஸ்மேக்கர்னு சொல்வாங்க."

"பேஸ்மேக்கரா? அது நம்ம சபை மூப்பர் நெஞ்சுக்குள்ள வச்சிருக்காங்களே, அதில்ல?"

அறையே சிரித்தது. ஜெரோப்பும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு உள்ளுக்குள் ஒரு முள் நின்றது. அவளும் மகனிடம் கேட்டுப் பார்த்தவள்தான். "முன்னாடி ஓடுறவன் நீ. அப்படியே கடைசிவரைக்கும் ஓடிட்டா என்னடா? கால் வலிக்குதா?" என்றால், "வலிக்கலம்மா. பேச்சே அப்படித்தான்" என்பான். யார் பேசியது, முன்னால் போகிறவனை நில் என்று சொல்வது என்ன பேச்சு என்று அவளுக்கு விளங்கியதில்லை. தலையை மட்டும் ஆட்டிவைப்பாள்.

போன மழைக்காலத்தில் கிப்லெல் வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஒரு வழி கொண்டுவந்தான். அவனோடு பயிற்சிக்கு வரும் ரூட் என்ற டச்சுக்காரன், கிப்லெல் ஓடிய ஓட்டங்களையெல்லாம் வெட்டாமல் கொள்ளாமல் முழுசாகச் சேர்த்து வைத்திருந்தான். முப்பதாவது கிலோமீட்டரில் தானே நின்று எடுத்ததையும் அவற்றோடு ஒட்டியிருந்தான். அதையெல்லாம் ஒரு சின்ன ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தான். டிவியில் சொருகினால், இந்தப் படத்தைத் திறக்க முடியாது என்று டிவி மறுத்துவிட்டது. ரூட் ஊருக்குத் திரும்பும் நேரம் அது. அவனுடைய கம்ப்யூட்டர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வெளிப்பெட்டி நொறுங்கிப் போயிருந்தது. உள்ளே இருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. "இத வச்சுக்கோ" என்று அந்தக் குடலையும் ஈரலையும் கிப்லெல்லிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

கிப்லெல் ஓர் அட்டையின் மேல் அந்த மதர்போர்டைக் கிடத்தி, ஒயர்களை மாட்டி, டிவியில் படம் ஓடவும் வைத்துவிட்டான். ஆனால் உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. பயிற்சி முகாமிலிருந்து அழைப்பு வந்து கிளம்பிவிட்டான். வாசலில் காலணி மாட்டிக்கொண்டே சொன்னான்: "அம்மா, இதுக்கு ஒரு கேஸ் வேணும்."

"கேஸா?" என்றான் அவன் அப்பா தாருஸ். நிலத்தகராறில் தம்பியோடு பல வருஷமாகக் கோர்ட்டுக்கு நடப்பவன். "யார் மேல?"

அன்றைக்கு அந்தப் பேச்சு சிரிப்போடு முடிந்தது. கோழி வந்தபிறகுதான் அது காரியமாயிற்று. கழுத்தில் இறகில்லாத ஒரு கோழி ஜன்னல் வழியாக ஏறிவந்து, கதகதப்பாக இருந்த மதர்போர்டின் மேல் முட்டையிடும் தோரணையில் அமர்ந்துவிட்டது. தாருஸ் தொப்பியால் அடித்து விரட்டினான். பிறகு ரொட்டி வந்த அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு எல்லாவற்றையும் அதற்குள் வைத்தான். அன்று போனில் அதைப் பெருமையாகச் சொன்னதும் மகன் அலறினான்.

"அட்டைப்பெட்டிக்குள்ளயா? தீப்பிடிச்சுரும்ப்பா! டவுனுக்கு, எல்டொரெட்டுக்குப் போய் ஒரு கேஸ் வாங்குங்க. சின்னதா. மினி ஐடிஎக்ஸ்னு கேளுங்க. முன்னறையில டிவிக்குக் கீழ வச்சா அசிங்கமா இல்லாம..."

அத்தோடு லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை.

"நீ போய்ட்டு வா" என்றான் தாருஸ். "மாடு இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும். அதுவுமில்லாம, அளவு பாக்குற வேலைக்காரி நீதானே?"

ஜெரோப் டிவிக்குக் கீழே அலமாரியில் இருந்த பொந்தை அளந்தாள். தாருஸின் சொந்தப் பெருமை அந்த அலமாரி. சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணாடிக் கோப்பைகளுக்கு ஒரு தட்டு, வேதாகமத்துக்கு ஒரு தட்டு, டிவிக்கு நடுவில் ஒரு பெரிய இடம், அதன் கீழே ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான ஒரு பொந்து. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். இதைவிடத் தெளிவாக யாரும் கடைக்குப் போக முடியாது என்று நினைத்தபடிதான் வண்டியேறினாள்.

கடை ஒரு மாடியில் இருந்தது. செல்போன் பழுது பார்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நடையைத் தாண்டிப் போகவேண்டும். கடைக்காரி நியாகியோ என்ற கிகுயு இனத்துப் பெண். முப்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு திருப்புளியைச் செருகியிருந்தாள். நல்ல மரியாதை தெரிந்தவள்.

"உக்காருங்கம்மா. எத்தனை லிட்டர்ல பாக்கறீங்க?"

ஜெரோப்புக்குத் தன் காதின்மேல் சந்தேகம் வந்தது. "எது லிட்டரு?"

"பெட்டிதான்மா. சின்னப் பெட்டிங்கள லிட்டர் கணக்குலதான் சொல்வோம். உள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு."

தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது ஜெரோப்புக்கு. லிட்டர்! இத்தனை வருஷம் அவள் வேறு எதைப் பார்த்திருக்கிறாள்? ஒரு பெண்பிள்ளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய கேன் பத்து லிட்டர். வீட்டுக்கு அது போதும்.

"பத்து லிட்டர் குடும்மா" என்றாள், சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

நியாகியோ இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று தேநீர்த் தட்டு மாதிரி தட்டையாக, அகலமாக இருந்தது. மற்றது மேலே கைப்பிடியோடு ரொட்டி சுடும் அடுப்பு மாதிரி நின்றது.

"இதுல எது பத்து?"

"ரெண்டுமே பத்துதான்மா."

ஜெரோப் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சுற்றிலும் சல்லடைக் கண். பத்து லிட்டர் பால் எந்தக் கேனில் ஊற்றினாலும் பத்து லிட்டர்தான். கேனின் வடிவத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இங்கே ஒரே அளவென்று சொல்லி இரண்டு வேறு மிருகங்களைக் காட்டுகிறாள் இந்தப் பெண். கைப்பையிலிருந்து கயிற்றை எடுத்து அளந்தாள். தட்டையானது பொந்துக்குள் போகும். நின்றது போகாது. அந்தமட்டில் மனசுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

அந்தத் தெளிவு நிலைக்க விடவில்லை நியாகியோ. கிராபிக்ஸ் கார்டு தனியாக உண்டா, பவர் சப்ளை உள்ளேயா வெளியேயா, ஹார்டு டிஸ்க் சின்னதா பெரிதா, என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் ஜெரோப், "கிப்லெல்லுக்குத்தான் தெரியும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல மாட்டோமா என்று இருந்த சமயத்தில்தான் அது வந்தது.

"கூலர் எவ்வளவு உயரம்மா?"

ஜெரோப் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆளுயரம்" என்றாள். "எனக்குத் தோள்வரைக்கும் வரும்."

நியாகியோவின் கை பாதியில் நின்றது. "வீட்டுலயா வச்சிருக்கீங்க?"

"வீட்டுல எப்படி வைக்கிறது? பால் நிலையத்துலதான். மூவாயிரம் லிட்டர் பிடிக்கும்."

பக்கத்தில் மவுஸ் வாங்க வந்து நின்றிருந்த ஆள் முதலில் சிரித்துவிட்டான். நியாகியோ திரும்பி நின்று எதையோ தேடுகிறவள் மாதிரி அலமாரியைக் குடைந்தாள். அவள் முதுகு குலுங்கியது. என்ன சொல்லிவிட்டோம் என்று ஜெரோப்புக்குப் புரியவில்லை. நிலையத்துக் கூலரை அவள் ஒன்றும் பெருமைக்குச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில்.

நியாகியோ திரும்பி வந்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு விளக்கினாள். கம்ப்யூட்டரின் மூளை சூடாகும். அது ஆறுவதற்காக அதன் மேல் தகடு தகடாக அடுக்கி, உச்சியில் ஒரு விசிறி வைத்திருப்பார்கள். அதற்கும் கூலர் என்றுதான் பெயர். அது எவ்வளவு உயரமோ அதற்குத் தகுந்தமாதிரி பெட்டி வேண்டும்.

"ஓ, அந்த முள்ளம்பன்னியா!" என்றாள் ஜெரோப். கோழி அமர்ந்திருந்தது அதன் மேல்தான்.

தாருஸுக்குப் போன் போட்டாள். மாட்டுக் கொட்டிலில் இருந்தான். முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"மூணு வெரல் உயரம்."

"யாரு வெரலு?"

"என் வெரல்தான். பின்ன கோஸ்கெய்யக் கூட்டிட்டு வந்தா அளப்பேன்?"

ஜெரோப் அதை அப்படியே சொன்னாள். நியாகியோ தன்னுடைய மூன்று விரல்களைத் தட்டைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தாள். மேலே இடம் மிச்சமிருந்தது. "சரியா இருக்கும்னுதான் தோணுது. கீறல் விழாம வச்சுக்குங்க, ஒத்துவரலன்னா மாத்திக்கலாம்" என்றாள். அவள் டிராக்டர் ஓட்டிப் பழகிய தாருஸின் விரல்களைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கும். தினமும் அந்தக் கைக்குத் தட்டில் உகாலிக் களி எடுத்துப் போடுகிற ஜெரோப்புக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பொந்துக்குள் தள்ளிப் பார்த்தால் பெட்டி அளவெடுத்துத் தைத்தது மாதிரி போய் உட்கார்ந்தது. தாருஸ் தள்ளி நின்று பார்த்து, "அலமாரிக்கே புதுக் களை வந்துருச்சு" என்றான். மதர்போர்டை உள்ளே வைத்து மூடியைச் சாத்தும்போதுதான் விஷயம் தெரிந்தது. மூடி படியவில்லை. முள்ளம்பன்றி ஒரு விரற்கடை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அமுக்கினா என்ன?" என்றான் தாருஸ்.

"வேணாம்."

"அப்ப மூடியில ஒரு ஓட்டை போட்டுருவோம்." அரமும் ரம்பமும் எடுக்கக் கொட்டிலுக்குக் கிளம்பிவிட்டான்.

"கிப்லெல் அப்பா, அதுல மட்டும் கை வச்சீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்!" என்று ஜெரோப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இந்த வயதில் அம்மா வீட்டுக்குப் போவதாகப் பயமுறுத்துகிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி தப்பியது.

அடுத்த தடவை அவள் அளவை நம்பவில்லை. பொருளையே எடுத்துக்கொண்டு போனாள். மதர்போர்டை ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் துணியில் சுற்றி, கழுவிக் காயவைத்த பால் கேனுக்குள் இறக்கி, மூடியைத் திருகினாள். அடிபடாமல் எதையாவது கொண்டுபோக அதைவிடப் பத்திரமான பாத்திரம் அவளுக்குத் தெரியாது. தட்டைப் பெட்டி மறு கையில். மடாட்டு எனும் வாடகை வேனின் கண்டக்டர் கேனைப் பார்த்ததும் கை நீட்டினான்.

"பாலாம்மா? குடுங்க, மேல கட்டிடுறேன்."

"பால் இல்லப்பா. கம்ப்யூட்டர். மடியிலயே இருக்கட்டும்."

"அதையும் கறக்க ஆரம்பிச்சுட்டீங்களா!"

வண்டி முழுக்கச் சிரிப்பு. ஜெரோப் கேனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நியாகியோ கேனைத் திறந்து துணியைப் பிரித்தபோது, இந்தத் தடவை ஒளிந்து சிரிக்கவில்லை. வாய்விட்டே சிரித்தாள். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் கையப் பாக்கணுமே நானு" என்றாள். இப்போது வழி இரண்டு என்று சொன்னாள். ஒன்று, முள்ளம்பன்றியைக் கழற்றிவிட்டுக் குட்டையான கூலர் ஒன்றைப் போடலாம். அப்போது தட்டைப் பெட்டி செல்லும், பொந்தும் செல்லும். இரண்டு, கூலரை அப்படியே விட்டுவிட்டு நிற்கிற பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது பொந்துக்குள் போகாது.

"நீ எதும்மா எடுப்ப?"

"நான்னா கூலர மாத்திருவேன்."

சபைக்கு ஒலிபெருக்கி வாங்க வந்த ஒரு பெரியவர் நடுவில் புகுந்தார். "ரெண்டும் வேணாம் தாயி. அதோ கண்ணாடிப் பெட்டி இருக்கு பாருங்க, உள்ள பச்சையும் சிவப்புமா வெளக்கு எரியுது. வீட்டுக்கு ஒரு லட்சணம்."

"அது பதினெட்டு லிட்டரு" என்றாள் நியாகியோ.

"இருக்கட்டுமே. ஆண்டவர் குடுக்கும்போது சின்னப் பாத்திரமா நீட்டுறது?"

ஜெரோப் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். நியாகியோ தேநீர் வரவழைத்துக் கொடுத்தாள். தட்டையானதைப் பார்த்தால் அலமாரியும் தாருஸின் முகமும் கண்முன் வந்தன. நிற்பதைப் பார்த்தால் மகன் வந்து, "அம்மா, இது எதுக்கு இவ்வளவு உயரமா" என்று கேட்பது காதில் விழுந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை. அந்த விளக்குதான் கண்ணைக் கூசவைத்தது. மகனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எங்கோ மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருப்பான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவளுக்கு.

கடைசியில் கேட்டாள்: "கூலர குட்டையாக்கினா, சூடு எங்கம்மா போகும்?"

"விசிறி இன்னும் வேகமாச் சுத்தும். கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான். பெட்டி கொஞ்சம் சூடா இருக்கும்."

நிலையத்தில் ஒரு வருஷம் தலைவராக வந்தவர் செலவைக் குறைக்கிறேன் என்று கூலருக்குச் சின்ன மோட்டார் மாட்டியது ஜெரோப்புக்கு ஞாபகம் வந்தது. அந்த மோட்டார் இராப்பகலாக இரைந்துகொண்டே இருந்தது. ஊர்ப் பால் மொத்தமும் ஒரு வாரம் திரிந்து ஓடையில் போயிற்று.

"கூலர்ல கை வைக்க வேணாம்" என்றாள். "நிக்கிறதையே குடு."

சொல்லிவிட்டாளே தவிர, படியிறங்கும்போதே மனசு மாறிவிட்டது. தட்டையானதையே வைத்துக்கொண்டிருக்கலாமோ? ஒரு படி இறங்கினால் இது சரி என்றும், அடுத்த படியில் அது சரி என்றும் பட்டது. தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எது சரியென்று யோசிக்கிற தெம்பே போய்விட்டது. பெட்டியின் கைப்பிடி மட்டும் கைக்கு வாகாக இருந்தது. அதுவே பெரிது என்று வண்டியேறினாள்.

தாருஸின் முகம் அவள் நினைத்த மாதிரியே போயிற்று. டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். "அலமாரியில இவ்வளவு இடம் இருக்க, வெளிய நிக்குது பாரு, கடன் கேக்க வந்தவன் மாதிரி" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கன்னங்கரேலென்று, அந்த அறையோடு ஒட்டாமல் நின்றது. ஜெரோப்பின் முன்னறையில் நூல் பின்னல் விரிப்பு இல்லாத பொருளே கிடையாது. சோபாவின் முதுகுக்கு ஒன்று, கைகளுக்கு ஒவ்வொன்று, ரேடியோவுக்கு ஒன்று, டிவி தலைக்கு ஒன்று. எல்லாம் அவள் கையால் பின்னியவை. இருந்ததிலேயே பெரிதாக, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒன்றை எடுத்து, பெட்டியின் நாலு பக்கமும் தொங்குமாறு போர்த்தினாள். இப்போதுதான் அது வீட்டு மனுஷியாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வந்தார்கள். பாலில் கொதித்த தேநீரும் சப்பாத்தியும் கை மாறிக்கொண்டிருந்தன. தாருஸ் படத்தை ஓடவிட்டான். விளம்பரமே இல்லாத ஓட்டம். ஆற்றுப் பாலம், மரங்கள், கொடி அசைக்கும் ஜனங்கள். எல்லோருக்கும் முன்னால் கிப்லெல். தோள் அசையாமல், கழுத்து அசையாமல், கொட்டிலுக்குத் திரும்பும் மாடுகளுக்கு முன்னால் நடக்கிறவன் போலப் பதறாமல் போய்க்கொண்டிருந்தான். கோஸ்கெய்கூட வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. இருபத்தொன்பது என்று எழுதிய பலகை கடந்தது.

திரை இருண்டது.

கோஸ்கெய் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடடா! பையன் நிக்கிற எடத்துல பெட்டியும் நின்னுபோச்சே!"

சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. ஜெரோப்பால் இந்தத் தடவை கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. தாருஸ் பொத்தானை அமுக்கினான். பெட்டி உயிர் பெற்றது. அதே இடத்துக்குப் படத்தைத் தள்ளினான். பலகை வருவதற்குள் மறுபடியும் இருண்டது. மறுபடி அமுக்கினான். இந்தத் தடவை பெட்டி உயிரே பெறவில்லை.

"பத்து லிட்டர் பத்தல போலிருக்கு" என்றான் மெதுவாக.

தட்டையானதை வாங்கியிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியை வாங்கியிருக்க வேண்டும். ஏதோ ஒன்றைத் தவறாகச் செய்திருக்கிறோம், ஆனால் எதை என்று தெரியவில்லை. ஜெரோப் போய் முக்காலிக்கு முன் நின்று, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய தேநீர்ப் பானை மாதிரி கொதித்தது. விரிப்பின் மடிப்புகளுக்குள் சூடு புகுந்து, போக வழியில்லாமல் கிடந்தது.

நிலையத்துக் கூலரின் பின்பக்கத்தில் யாராவது சாக்கைப் போட்டு மூடிவிட்டால் அவள் எப்படிக் கத்துவாள் என்று அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். "அதுக்கு மூச்சு விட வேணாமா? உன் மூக்கப் பொத்தி வைக்கட்டுமா?" என்பாள். அவளேதான் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறாள். அதுவும் பூவேலைப்பாட்டோடு.

விரிப்பை உருவி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இன்னொரு ரவுண்டு தேநீர் குடிங்க. அதுக்குள்ள ஆறிடும்" என்றாள், பொதுவாக எல்லோரையும் பார்த்து. எது ஆறும் என்று யாரும் கேட்கவில்லை.

தேநீர் முடிந்தபின் படம் ஓடியது. இருபத்தொன்பது கடந்தது. முப்பது வந்தது. கிப்லெல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பின்னால் வந்த இருவரையும் பார்த்து, போ போ என்று கையை வீசினான். அவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். வண்டிக் கேமரா அவர்களோடு போய்விட்டது. அந்த இடத்தில் ரூட் ஒட்டிவைத்திருந்த படம் தொடங்கியது. கிப்லெல் தடுப்புக் கம்பிக்கு அப்பால் வந்து முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். யாரோ ஒரு பெண்மணி வெள்ளித்தாள் மாதிரி மினுங்கிய போர்வை ஒன்றை அவன் தோளில் போட்டாள். அவன் நிமிர்ந்து, போனவர்கள் போன திசையைப் பார்த்தான். பிறகு பின்னால் கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்குக் கை தட்டினான். தட்டி முடித்துவிட்டு, சரசரக்கிற அந்தப் போர்வையோடு தெருவைக் கடந்து போய், ஒரு பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து வெள்ளைக்காரக் கிழவிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். ஓட்டம் முடிகிற இடத்துக்குப் போகிற பேருந்து அது.

"அப்ப களைக்கல" என்றார் கோஸ்கெய். குரலில் குத்தல் இல்லை.

"களைக்கலண்ணே."

"பின்ன எதுக்குத்தான் நிக்கிறான்?"

"அவன் வேலை..." என்று ஜெரோப் தொடங்கினாள். திரையில் பேருந்து வந்து நின்றது. கிழவிகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கிப்லெல் ஏறுவதற்குள் ரூட்டின் படம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பெட்டி நிற்கவில்லை. முக்காலியிலேயே இருக்கிறது, போர்வை இல்லாமல். தாருஸ் பொந்துக்குள் தன் நிலத்தகராறுக் காகிதங்களை வைத்துக்கொண்டான். கோஸ்கெய் அந்தப் படத்தை மறுபடியும் போடச் சொல்லி வருகிறார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்கிறார்.

அந்த வாரமே கிப்லெல் போனில் கிடைத்தான்.

"கேஸ் வாங்கிட்டீங்களாம்மா? எது?"

"நிக்கிறது. கைப்பிடி வச்சது."

"அலமாரியில பொருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏம்மா அத வாங்கினீங்க? குட்டைக் கூலர் போட்டுட்டுத் தட்டையா வாங்கியிருக்கலாமே? படம்தானே பாக்கப் போறீங்க?"

ஜெரோப்புக்குச் சொல்லவேண்டியது நிறைய இருந்தது. மோட்டாரைப் பற்றி, திரிந்த பாலைப் பற்றி, விரிப்பைப் பற்றி. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு, அன்று முதலாக மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

"ஏன்டா, அந்த பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?"

"எந்த பஸ்லம்மா?"

"வெள்ளித் துணியப் போத்திக்கிட்டு வரிசையில நின்னியே."

அவன் யோசித்துப் பார்த்துச் சிரித்தான். "கெடைக்கலம்மா. நின்னுக்கிட்டேதான் போனேன்."

போனை வைத்துவிட்டு வந்து தாருஸிடம் சொன்னாள். அவன் புதுக்கன்றின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். முறுக்குவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"முப்பது கிலோமீட்டர் ஓடிட்டு வந்தவனுக்கு, அந்த ஊர்ல ஒருத்தர்கூட எந்திரிச்சு எடம் குடுக்கலையா?" என்றான்.